சல்லடையில் விழும் குரல்

மகனே, உன் காதுக்குள் மின்கம்பி வைக்கிற ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீயும் உன் மனைவி ஈஸ்வரியும் மதுரை ரயிலில் ஏறி, அங்கிருந்து மெட்ராஸ் போகிறீர்கள். நான் வரவில்லை. நான் வரவேண்டாம் என்று நீ சொன்னதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. நான் வந்தால் ஆபரேஷன் மேஜை வரைக்கும் டாக்டரிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பேன். அதனால் இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைக்கிறேன். ஆபரேஷன் முடிந்ததும் காது கேட்டுவிடாதாம். புண் ஆறிச் சில வாரம் கழித்துத்தான் காதுக்கு வெளியே மாட்டுகிற பெட்டியை முடுக்கிவிடுவார்களாம். அதுவரை உனக்குச் சோலி ஒன்றும் இருக்காது. அப்போது படி. பெட்டியை முடுக்குகிற அன்றைக்கு உன் தலைக்குள் எப்படிப்பட்ட சத்தம் வரும் என்பதை, நான் கேட்டுத் தெரிந்துகொண்ட மட்டும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்தச் சத்தத்துக்கு மிரண்டு முதல் நாளே பெட்டியைக் கழற்றி வைத்துவிடுவாயோ என்பதுதான் இப்போது என் கவலை. மற்றதெல்லாம் டாக்டர் பாடு.

நம் கதையை வெளியாரும் தெரிந்துகொள்ளட்டும் என்று நீயே சொல்லிவிட்டாய். நல்லதுதான். காது போன பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கல்யாண வீடுகளுக்குக் கூட்டிப் போகாமல் இருக்கிற தகப்பன்மார் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இது பயன்படும்.

உனக்குக் காது போனபோது பதினெட்டு வயது. எழுபதுகளின் கடைசி. போடிமெட்டுக்கு மேலே நம் ஸ்டோரில், பச்சை ஏலக்காயை உலர்த்துகிற அந்தக் கொட்டகையில், பறிப்புக் காலம் முழுக்க நீதான் தங்கியிருந்தாய். நான் கீழே போடியில் ஏலத்துக்கும் கடைக்கும் அலைந்துகொண்டிருந்தேன். காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னான். மழைக்காலத்தில் மலையில் காய்ச்சல் யாருக்குத்தான் வராது என்று நினைத்தேன். மறுநாள் ஜீப்பில் உன்னைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் உன் தலை துவண்டதை டிரைவர் சொல்லித்தான் கேட்டேன். மதுரை ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். நீ பிழைத்தாய். கண் விழித்து எங்களைப் பார்த்து நீ கேட்ட முதல் கேள்வி இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை: “ஏன் எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறீங்க?” உன் அம்மா இன்னும் சத்தமாகப் பேசினாள். நான் அவளைவிடச் சத்தமாகப் பேசினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். உனக்கு மட்டும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நீ ஒரு கெட்ட பழக்கம் பிடித்துக்கொண்டாய். எவர் என்ன சொன்னாலும் தலையாட்டினாய். புரியவில்லை என்று சொல்ல வெட்கம். பக்கத்துச் சிலமலை ஊர்க்காரர் ஒருவர் கடைக்கு வந்து உன்னிடம் ஏதோ கேட்டார், நீ சிரித்துத் தலையாட்டி அனுப்பினாய். மறுநாள் நம் தோட்டத்துக் கிணற்றடியில் அவருடைய எருமைகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. “ஓங்க மகன்தாண்ணே சரின்னாப்ல. மழை பேஞ்சு புல்லு மொளைக்கிற வரைக்கும் கட்டிக்கிறச் சொன்னாப்ல” என்றார் அவர், என்னவோ நான் வாக்குத் தவறுகிறவன் போல. கொடுத்த வாக்கு வாக்குத்தான் என்று விட்டுவிட்டேன். அந்த வருஷம் மழை வேறு பிந்திவிட்டது. உன் அம்மா அந்த எருமைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே உன்னைத் திட்டுவாள், நீ அதற்கும் தலையாட்டுவாய். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அப்பு, அந்தத் தலையாட்டலை மெட்ராஸுக்குக் கொண்டுபோகாதே. பெட்டியை முடுக்கிவிட்டு “கேட்குதா, இது எப்படி இருக்கு” என்று கேட்பார்கள். நீ பதில் சொல்வதை வைத்துத்தான் அதைத் திருகிச் சரிசெய்ய முடியுமாம். அங்கே போய் எருமை கட்ட இடம் கொடுத்துவிடாதே.

நமக்குள் மிஞ்சியது துண்டு மட்டும்தான். நான் வியாபாரத்துக்கு வந்தது தலைச்சுமையாகக் காய் தூக்கித்தான் என்பது உனக்குத் தெரியும். மலையில் சின்னத் தோட்டக்காரர்களிடம் வாங்கும்போது, சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியக் கூடாது என்று கையின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அடியில் விரலைப் பிடித்துப் பேசுவோம். மாட்டுத் தாவணியில், அதாவது மாட்டுச் சந்தையில், செய்வதுதான். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கட்டை விரலை அழுத்தினால் முடிந்தது. இதைச் சின்ன வயசிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்து பழகிக்கொண்டாய். காது போன பிறகும் துண்டுக்கு அடியில் உன்னை எவனும் ஏமாற்றியதில்லை. அதை வைத்தே உன்னைக் கடையில் உட்கார வைத்தேன். மற்றதற்குச் சிலேட்டு. இத்தனை வருஷமாக அந்தச் சிலேட்டில் நான் உனக்கு எழுதியதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் சரக்கு, விலை, எடை, ஜீப்பு எப்போது வரும், அவ்வளவுதான் இருக்கும். எழுதி எழுதிக் கை வலிக்கும், அதனால் சுருக்கினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ராசிங்காபுரத்தில் உனக்குப் பெண் பார்த்தபோது ஈஸ்வரியின் சித்தப்பா முகத்தைச் சுளித்தார். அந்தப் பெண் உள்ளேயிருந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “காது கேக்குற புருசன் எந்த வீட்டுல பொண்டாட்டி சொல்றதக் கேக்குறான்?” என்றது. கூடத்தில் அத்தனை பேரும் சிரித்தார்கள். உனக்கு என்ன என்று தெரியாமல் நீயும் சிரித்தாய். அன்றைக்கே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் பார், உன்னோடு குடும்பம் நடத்துகிறவளின் குரலை நீ ஒரு நாளும் கேட்டதில்லை. இதை ஞாபகத்தில் வை. பின்னால் இதுதான் கதையைத் திருப்பப் போகிறது.

மெட்ராஸ் டாக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டு நான் மட்டும் போனேனே, அந்தப் பயணத்தைப் பற்றி உனக்கு நான் சரியாகச் சொல்லவில்லை. டாக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், பொறுமையானவர். காதுக்குள் நத்தைக்கூடு மாதிரி ஓர் எலும்பு இருக்கிறது, உன்னுடையதில் சத்தத்தை வாங்குகிற மயிரிழைகள் செத்துவிட்டன, ஆனால் அதற்குப் பின்னால் மூளைக்குப் போகிற நரம்பு பிழைத்திருக்கலாம், கம்பியை உள்ளே விட்டு அந்த நரம்பை நேராகத் தொட்டுவிடலாம் என்றார். “பழைய மாதிரி கேட்குமா?” என்றேன். “பழைய மாதிரி கேட்காது. பேச்சு ஓரளவு புரியலாம். உத்தரவாதம் தர முடியாது” என்றார். “ஐயா, சாம்பிள் பார்க்காம நான் ஒரு மூட்டை வாங்கினதில்ல. எம் புள்ள தலைக்குள்ள வைக்கிற சரக்கு. சாம்பிள் காட்டுங்க” என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து என்னை அடுத்த கட்டடத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கே ஒரு இளைஞர், என்ஜினியர். மேஜை நிறைய வயரும் பெட்டியும். காது நன்றாகக் கேட்கிறவர்களுக்கு, அந்தக் கம்பி வைத்தவருக்குப் பேச்சு எப்படிக் கேட்கும் என்று போலியாகச் செய்து காட்டுகிற வேலை அவருக்கு. “மனுஷக் குரல்ல தடிச்ச சத்தம், மெலிசான சத்தம்னு எல்லாம் கலந்து இருக்கு ஐயா. அதை இந்தப் பெட்டி சில பாகமாப் பிரிக்குது. ஒவ்வொரு பாகத்துலயும் அந்த நொடியில எவ்வளவு சத்தம் இருந்துச்சுன்னு மட்டும் அளந்து எடுத்துக்குது. மத்த நுணுக்கமெல்லாம் போயிடும்” என்றார். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. காயைச் சல்லடை போட்டுப் பெரிது, நடுத்தரம், பொடி என்று பிரிக்கிறோம். இங்கிருந்து காயை அனுப்பாமல், எந்தச் சல்லடையில் எவ்வளவு நின்றது என்று தந்தி மட்டும் அடித்தால் எப்படி? அந்தப் பக்கம் இருக்கிறவன் தந்தியைப் படித்துவிட்டு, காய்க்குப் பதிலாக உமியை அந்தந்த அளவுக்குக் கொட்டி வைத்து, இதுதான் சரக்கு என்பான். அப்படிச் சொன்னேன். “அதேதான். நான் கொட்டுற உமி வெறும் இரைச்சல்” என்று சிரித்துக்கொண்டே கேசட்டைப் போட்டார்.

கேட்டதைச் சொல்கிறேன். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது, அந்த மழையே வாயைத் திறந்து பேச முயல்கிற மாதிரி இருந்தது. சல்லடையில் காயை உலுக்கும் சரசரப்பு ஏறுகிறது, இறங்குகிறது, நிற்கிறது, மறுபடி ஏறுகிறது. ஒருவர் ரகசியம் பேசுவது போல, ஆனால் அந்த ரகசியத்தை நாலு ஆட்கள் சேர்ந்து ஊதுவது போல. யாரோ பேசுகிறார்கள் என்பது தெரிந்தது. எந்த பாஷை என்றுகூடத் தெரியவில்லை. “என்ன சொல்லுது ஐயா?” என்றார். “எனக்குத் தெரிஞ்ச எதையும் சொல்லல” என்றேன். பிறகு, ‘மழை வர்ற மாதிரி இருக்கு, குடையை எடுத்துட்டுப் போ’ என்று தெளிவான குரலில் ஒரு தரம் போட்டார். உடனே பழையபடி அந்த இரைச்சலைப் போட்டார். அப்பு, இப்போது அதே இரைச்சல் வாயைத் திறந்து, மழை வர்ற மாதிரி இருக்கு என்று பேசியது. எனக்கு மயிர் சிலிர்த்தது. அடுத்த நிமிஷம் சந்தேகமும் வந்தது. “தம்பி, மூட்டையைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே ‘முதல் தரம்ணே’ன்னு காதுல ஓதுற புரோக்கர் எங்க ஊர்லயும் இருக்கான். சொல்லிக் குடுத்துட்டுப் போட்டா எல்லாந்தான் கேக்கும். சொல்லாமப் போடு” என்றேன். போட்டார். ஒன்றும் விளங்கவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது என்று போட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு வாக்கியத்தில் ‘பஸ்சு’ என்பது மட்டும் விழுந்தது. சாயங்காலம் டீ வந்தபோது பாதி வாக்கியங்களை நான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை நன்றாகக் கவனி. மத்தியானம் ஒன்றும் புரியாத அதே காது, சாயங்காலம் பாதியைப் பிடித்துவிட்டது. பெட்டி மாறவில்லை, கேசட் மாறவில்லை.

கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார்: “இது சாம்பிள்கூட இல்ல ஐயா, சாம்பிளோட போட்டோ. உங்க மகனுக்கு இதைவிட நல்லாவும் கேட்கலாம், மோசமாவும் கேட்கலாம். உள்ளே இருந்து கேட்டுச் சொல்ல அவரால மட்டும்தான் முடியும்.” யோக்கியமான ஆள். தன் சரக்கைப் பற்றி அப்படிப் பேசுகிறவனை நான் சந்தையில் அதிகம் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்கு அந்நியக் குரலை வைத்துத் தீர்மானிக்க மனசில்லை. ஊருக்கு வந்து, வளைகுடாவிலிருந்து திரும்பிய மலையாளத்துக்காரரிடம் வாங்கிய அந்த டேப் ரெக்கார்டரில் நம் குரல்களைப் பிடித்தேன். ஏலக்கூடத்தில் ஏலம் விடுகிறவர் கூவுவதை, உன் அம்மா உன்னைச் சாப்பிடக் கூப்பிடுவதை, ஈஸ்வரி பேசுவதை, நான் பேசுவதை. அந்தக் கேசட்டை மெட்ராஸுக்கு அனுப்பினேன். என்ஜினியர் அதை அந்தச் சல்லடையில் போட்டுத் திருப்பி அனுப்பினார். பின்பக்கம் தன் பங்குக்குச் சில வாக்கியங்களைச் சேர்த்திருந்தார், முதலில் இரைச்சலாக, பிறகு அதே வாக்கியம் தெளிவாக.

நீ கடையில் இருந்தபோது உன் அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். “என்னங்க இது, மொறத்துல கல்லு பொடைக்கிற சத்தம்?” என்றாள். இதில் உன் குரலும் வருகிறது, எது என்று சொல் என்றேன். அவளுக்குத் தன் குரலின்மேல் ஒரு கர்வம் உண்டு. மூணாறு ரோட்டில் போகிற ஜீப்பு என் குரலுக்கு நிற்கும் என்பாள். நிற்கவும் நின்றிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஓர் இடத்தில் சடக்கென்று கையைத் தூக்கி, “இந்தா, இதுதான் நான்” என்றாள். அது ஏலம் விடுகிறவர் இரண்டாம் தரம் கூவுகிற இடம். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவள் முகம் அப்படியே இறுகிப்போனது. “பெத்தவ கொரலும் ஏலம் விடுறவன் கொரலும் ஒண்ணாக் கேக்குற காது எம்புள்ளைக்கு எதுக்கு? இதுக்கா அவன் மண்டையத் தொளைக்கணும்ங்கிறீக? எங்கொரலு அவன் மனசுக்குள்ள பழையபடி இருக்குங்க. அதையும் இது அழிச்சுப்புடும்” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். மெட்ராஸில் ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்து என் காது பழகியது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. அவள் அழுகை முன்னால் நின்றது.

மறுநாள் கடையில் சிலேட்டில் எழுதினேன்: ‘சாம்பிள் சரியில்லை. வேண்டாம்.’ நீ அதைப் படித்துவிட்டு, உனக்கே தெரியாமல் உயர்ந்துபோகிற அந்தக் குரலில் கேட்டாய், காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கையை நிறுத்துகிற அளவுக்கு: “சாம்பிளை யாரு பாத்தா?” நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். “வாங்கப்போறது யாரு?” என்றாய். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாய். வாங்குகிறவன் பார்க்காத சாம்பிள் சாம்பிளே அல்ல என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். ஆனால் உனக்கு எப்படிக் காட்டுவது? காது கேட்காதவனுக்கு மட்டும் கேட்டுப் பார்க்க முடியாத சாம்பிள் அது. நீ நாலைந்து நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் டாக்டருக்கு வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

அப்போதுதான் ஈஸ்வரி வந்து நின்றாள். “மாமா, எழுதாதீக. அந்தக் கேசட்டோட பின்பக்கத்தப் போடுங்க. அதை நான் இன்னும் கேக்கல” என்றாள். போட்டேன். மெட்ராஸில் பழகியது விட்டுப்போய், எனக்கு மழையும் உமியும்தான் கேட்டது. அவள் ஒவ்வொரு இரைச்சலுக்கும் பின்னால், தெளிவான குரல் வருவதற்கு முன்பே, அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே போனாள். ஒன்றிரண்டு இடம்தான் தவறியது. நான் டேப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தேன். “நீங்களும் அத்தையும் ஒரு தரம் கேட்டீக. நான் சட்டி பானை கழுவுறப்ப, மாவாட்டுறப்ப, தெனமும் முன்பக்கத்தப் போட்டு வச்சிருந்தேன். அவரு கேக்கப்போறத நானும் கேட்டுப் பாக்கணும்ல. மொதல்ல தலைவலிதான் வந்துச்சு. அப்பறம் ஒருநா பாத்தா, அந்தச் சத்தத்துல நீங்க ‘காபி கொண்டா’ன்னு சொல்றீக, நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டேன்” என்றாள்.

பச்சைக் காயைக் கையில் வைத்துக்கொண்டு தரம் பேசுகிறவனைப் பார்த்து நான் எத்தனை தரம் சிரித்திருக்கிறேன்! மலையிலிருந்து இறங்குகிற ஈரக்காய் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்டோரில் சூட்டில் கிடந்து, ஈரம் போய், தேய்த்து எடுத்த பிறகுதான் அது காய். அந்த வியாபாரத்திலேயே தலை நரைத்தவன், காதுக்குள் ஒரு தரம் விழுந்த சத்தத்தை வைத்துத் தரம் எழுதிவிட்டேன். ஸ்டோர் உன் தலைக்குள் இருக்கிறது, நாள் பிடிக்கும் என்று ஒரு சின்னப் பெண் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஆனாலும் உன் அம்மா சொன்னது என்னை உறுத்தியது. “புரியுதுன்னே வச்சுக்க. ஆனா அவங்கம்மா கொரலு அவங்கம்மா கொரலு மாதிரி இருக்காதே ஆத்தா. ஓங்கொரலும்தான்” என்றேன். ஈஸ்வரி சொன்னாள்: “அத்தைக்கு அது நட்டம் மாமா, நான் இல்லேங்கல. எனக்கு என்ன நட்டம்? எங்கொரலு எப்பிடின்னு அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பெட்டியில எப்பிடிக் கேக்குதோ, அவருக்கு அதுதான் எங்கொரலு. மழ மாதிரி கேட்டா மழ மாதிரி பேசுறவ பொண்டாட்டின்னு வச்சுக்கிறட்டும்.” உன் அம்மா அடுப்படி நிலைப்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே உள்ளே போய்விட்டாள்.

சில நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தேன். வீட்டுக்குள் அந்த உமிச் சத்தம் கேட்டது. உன் அம்மா டேப் ரெக்கார்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திருப்பித் திருப்பி ஒரே இடத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “நான் எங்க இருக்கேன்னு கண்டுபிடிச்சுட்டேன்” என்றாள். “ஏலக்காரன் கொரலு வெட்டி வெட்டி வுழுது. நான் ‘அப்பூ’ன்னு இழுக்குறேன்ல, அந்த இழுவை அப்பிடியே இருக்குங்க. கொரலுதான் இல்ல, இழுவை இருக்கு. இன்னுங் கொஞ்சம் இழுத்துக் கூப்புட்டா அவனுக்குத் தெரிஞ்சுரும்.” அன்றிலிருந்து அவள் உன்னை இழுத்துத்தான் கூப்பிடுகிறாள். உனக்குக் கேட்காது என்று தெரிந்தே கூப்பிடுகிறாள். தெருவில் போகிறவர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்கிறார்கள். பழகிக்கொள்கிறாளாம்.

ஆகையால் பெட்டியை முடுக்குகிற அன்றைக்கு அம்மாவின் குரலைத் தேடாதே. தேடினால் ஏமாந்துபோவாய். அந்தக் குரல் உன் ஞாபகத்தில் இருக்கிறபடி இருக்கட்டும். பெட்டிக்குள் இழுவையைத் தேடு. எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று பார். எதிரில் பேசுகிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டே கேள், வாயும் சத்தமும் சேர்ந்தால் பாதி வேலை குறையும் என்று டாக்டர் சொன்னார். பாட்டு உனக்குப் பாட்டாகக் கேட்காது என்றும் சொன்னார்கள். நீ சின்ன வயசில் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு தூங்குகிறவன், அதனால் இதை மறைக்காமல் எழுதுகிறேன். கூட்டத்தில், ஏலக்கூடத்து இரைச்சலில், ஒன்றும் பிடிபடாமல் போகலாம். நம்பினதில் பாதிதான் கிடைக்கலாம். அந்தப் பாதிக்காக எவ்வளவு செலவானது என்று மட்டும் என்னிடம் கேட்காதே. அது என் பக்கத்துக் கணக்கு.

உன் பக்கத்தை நேற்று நாம் பேசி முடித்தோம். கேசட்டில் கேட்டதையெல்லாம் ஒரு காலைப் பொழுது முழுக்கச் சிலேட்டில் எழுதி எழுதி அழித்துக் காட்டினேன். நீ எல்லாவற்றையும் படித்தாய், ஈஸ்வரி சொன்னதை மட்டும் இரண்டு தரம் எழுதச் சொன்னாய். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையின்மேல் போட்டாய். நான் உன் ஒரு விரலைப் பிடித்தேன். ஒரு வருஷம் பொறுத்துப் பார், அதற்குள் கழற்றி எறியாதே என்று அர்த்தம். நீ குறைப்பாய், ஆறு மாசம் என்பாய், அதற்கு எப்படி மேலே போவது என்று நான் மனசுக்குள் தயாராக இருந்தேன். நீ என் இரண்டு விரலைப் பிடித்தாய். தப்பாகப் பிடித்துவிட்டாய் என்று நான் கையை உதறினேன். விடவில்லை. “ரெண்டு வருசம்” என்றாய் வாயால். எத்தனையோ பேரோடு துண்டுக்கு அடியில் கை கொடுத்திருக்கிறேன். தனக்கு எதிராகத் தானே விலையை ஏற்றினவனை நான் பார்த்ததில்லை. ஏதோ பதிலுக்குக் கேட்கப் போகிறாய் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கேட்டாய். நான் கட்டை விரலை அழுத்தினேன்.

பேசி முடித்தது இதுதான். இரண்டு வருஷம் நீ பெட்டியைக் கழற்றக் கூடாது. அந்த இரண்டு வருஷமும் தினம் ஒரு மணி நேரம் நான் கடையை விட்டு வந்து உன் எதிரில் உட்கார்ந்து வாயால் பேச வேண்டும், சிலேட்டைத் தொடக் கூடாது. புரியாவிட்டால் நீ தலையாட்டக் கூடாது, நான் சலித்துக்கொள்ளாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் ஏலக்காயைப் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது.